குமிழி அடங்கும்வரை

சோதனைக்கூடத்தின் எண்ணெய்த் தொட்டிக்குள் மின்பொறி வெடித்தது. அதிர்ச்சி அலை இரும்புச் சுவரில் 'டொம்' என்று மோதி, தரைவழியே ஏறி, பொத்தானை அழுத்திய விஞ்ஞானியின் நெஞ்சைத் தட்டியது.

இன்னும் ஒரு வெடிதான் பாக்கி. அது முடிந்தால் அவர் மாலை ரயிலேறி, வேறு ஊர்ச் சோதனைக்கூடத்துக்குத் தனியாகப் போய்விடுவார். மனைவியோடு பேச்சு நின்று நாளாகிறது. யார் முதலில் இறங்கி வருவது என்ற வீம்பு. ஆனால் அவளும் இதே கூடத்தில் அவரோடு வேலை பார்ப்பதால், பேசாமல் முடியாது. தொட்டியின் கண்ணாடி ஜன்னலில் பார்த்து, "குமிழி அடங்கிடுச்சு" என்று அவள் சொன்னால்தான் அவர் பொத்தானைத் தொடலாம். முந்தைய வெடியில் எழுந்த குமிழியோடு மறுபடி வெடித்தால் அலையின் அளவு தப்பிவிடும்.

கல்யாணத்துக்கு முன்பு இதே ஜன்னலில் அவள் அநியாயமாகப் பொய் சொல்வாள். எண்ணெய் பளிங்காய்த் தெளிந்த பிறகும், "இன்னும் இருக்கு சார்!" என்பாள். அந்தக் காத்திருப்பில்தான் இருவரும் ஊர்க்கதை உலகக்கதையெல்லாம் பேசினார்கள். "இந்த எண்ணெய்க்கு மட்டும் என்னய்யா இவ்வளவு பிடிவாதம்?" என்று மேலதிகாரி தலையிலடித்துக்கொள்வார்.

"அடங்கிடுச்சா?" என்றார் இப்போது, விரலைப் பொத்தானருகே வைத்து.

அவரும் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். பொட்டுக் குமிழிகூட இல்லை.

"இன்னும் இருக்கு சார்," என்றாள், முகத்தைத் திருப்பாமல்.

அவர் விரலை எடுத்தார். ஸ்டூலை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"ஆமாம்மா, நிறையவே இருக்கு. ரயில் போனா போகட்டும்."