வரைபடத்தில் இல்லாத மூன்று செங்கல்

1

இந்தக் கதை பல்வலியில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பல் டாக்டரிடம் பதினாறாம் நம்பர் டோக்கனோடு காத்திருந்தபோது, ஒரு வழுவழுப்பான பத்திரிகையில் அந்த வீட்டைப் பார்த்தேன். காட்டுக்குள் வீடு. கண்ணாடிச் சுவர், பூசாத கான்கிரீட், நடு முற்றத்தில் கூரைக்கு மேலே தலைநீட்டும் ஒரு மரம். 'மூவர் கொண்ட குடும்பத்துக்காக வடிவமைக்கப்பட்டது' என்று கீழே போட்டிருந்தது. அந்த மூவரில் ஒருவரைக்கூடப் படத்தில் காணோம். கொடியில் ஈரத் துண்டு இல்லை, வாசலில் ஒரு செருப்பு இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பியதும் தாளைக் கிழித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். வீட்டைத் திருடியாயிற்று, இனி குடிவைக்க ஆள் பார்க்க வேண்டும்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

"அழகர்மலை அடிவாரத்தில், பனி விலகாத ஒரு காலைப் பொழுதில்—"

இந்த வெயிலில் பனியா என்று மதுரைக்காரர்கள் சிரிப்பார்கள். அடித்துவிட்டேன். அடுத்து:

"வீடு என்பது சுவர்களா, அல்லது சுவர்களுக்கு நடுவே இருக்கும்—"

இது ஈறில் போட்ட ஊசி பேசிய பேச்சு. மூன்றாவது நேராக வந்தது: "தமிழ்ச்செல்விக்கு, யாரும் வராத ஒரு வீடு வேண்டும்." இதை வைத்துக்கொண்டேன்.

2

தமிழ்ச்செல்வி, மதுரையைச் சுற்றியுள்ள ஒரு தாலுகா ஆபீசில் துணை தாசில்தார். எந்தத் தாலுகா என்று சொல்ல மாட்டேன். எனக்கும் அங்கே ஒரு வேலை ஆக வேண்டியிருக்கிறது. காலை பத்து மணியிலிருந்து அவள் மேஜைக்கு முன்னால் ஆட்கள் மனுவும் கையுமாக நிற்பார்கள். வீட்டுக்குப் போனால் கணவன் அருள்பாண்டியைப் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவனுக்குப் பரவையில் காய்கறி மண்டி. வந்த ஆளைக் காபி கொடுக்காமல் அனுப்பத் தெரியாது, காபி போடவும் தெரியாது. பதினேழு வருடம் இப்படியே போனது. மகள் மீனாவைக் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்கு அனுப்பிவிட்டேன், கதையில் ஆள் குறையட்டும் என்றுதான். அந்த வாரம் தமிழ்ச்செல்வி கணவனிடம் சொன்னாள்:

"எனக்கு நகை வேணாம், கார் வேணாம். ஒரு ஞாயித்துக்கிழமை, ஒரு டம்ளர் டீ, எதுத்தாப்புல யாரும் நிக்கக் கூடாது. அம்புட்டுத்தான்."

கேட்டதும் மனது இளகிவிட்டது, அவனுக்கு அல்ல, எனக்கு. அழகர்கோவில் போகிற வழியில், மரம் அடர்ந்த அரை ஏக்கரை அவள் பேருக்கு எழுதினேன். [கதை எழுதுவதில் உள்ள ஒரே சௌகரியம் இது. பத்திர ஆபீசுக்கு அலைய வேண்டாம்.]

வீட்டை வரைய முகேஷை வரவழைத்தேன். இந்த ஆர்க்கிடெக்ட் மேல் எனக்கு ரொம்ப நாள் சந்தேகம் இருந்தது. முதல் வரைவில் அவனுக்குத் தாடி வைத்து, எதற்கெடுத்தாலும் 'ஸ்பேஸ், ஸ்பேஸ்' என்று பேசவிட்டுக் கேலி செய்தேன். யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய கேலி. தாடியை எடுத்துவிட்டேன். இப்போது அவன் முப்பத்திரண்டு வயதுக் கெட்டிக்காரன். ஒரு மரத்தைக்கூட வெட்டாமல், வீட்டையே வளைத்து வளைத்துக் கட்டினான். நட்டநடுவில் நின்ற உசிலை மரத்துக்கு முற்றம் விட்டான். காம்பவுண்டுச் சுவர் வேண்டாம், முற்றத்துக்குக் கதவும் வேண்டாம் என்றான்.

"காடு உள்ள வரட்டும் மேடம்."

காடு வரவில்லை.

3

இனி என் தவறு. பாதி எழுதியபோது கதையில் மண்வாசனை போதவில்லை என்று தோன்றியது. மேஸ்திரி நல்லகாமன் வேலை தொடங்குகிற இடத்தில் ஒரு வரியைச் சேர்த்தேன். மறைப்பதற்கில்லை, அந்த வரி இதுதான்:

[யாருக்கும் அடிபடாமல் வேலை முடிய வேண்டும் என்று, நல்லகாமன் உசிலை மரத்தடியில் மூன்று செங்கல்லை நிறுத்தி நட்டு, மஞ்சள் துணி சுற்றி, சூடம் காட்டினார்.]

வேலை முடிந்தது. யாருக்கும் அடிபடவில்லை. செங்கல்லை எடுத்ததாக எழுத நான் மறந்துபோனேன்.

பால் காய்ச்சிக் குடிபுகுந்த பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. தமிழ்ச்செல்வி டீயோடு சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்தாள். எதிரே கண்ணாடி, கண்ணாடிக்கு அப்பால் மரம், மரத்தடியில் மூன்று செங்கல். செங்கல்லுக்கு முன்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தாள். வெளியே ஏழு ஆடுகள்.

"யாரும்மா நீங்க?"

"பக்கத்து ஊருதான் தாயி, பேரு இருளாயி. அய்யாவக் கும்பிட வந்தேன். நீங்க எந்திரிக்காதீக, நீங்க பாட்டுக்கு டீயக் குடிங்க."

"எந்த அய்யா?"

"உசில மரத்து அய்யாதேன். போன மாசம் ஒரு ஆட்டக் காணோம். இங்கன வந்து நின்னேன். பொழுசாய தானா வந்துருச்சுல்ல!"

பொழுது சாய்ந்தால் ஆடு தானாகத்தான் வரும் என்று சொல்லத் தமிழ்ச்செல்வி வாயெடுத்தாள். அதற்குள் இருளாயி அவள் நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள். டீ ஆறிப்போனது.

அந்த வெள்ளிக்கிழமை பதினோரு பேர் வந்தார்கள். அடுத்த வெள்ளி இருபத்தாறு. யாரோ உசிலைக் கிளையில் ஒரு மணியைக் கட்டிவிட்டார்கள். முகேஷ் மூன்று மாதம் யோசித்து வரைந்த கான்கிரீட் பெஞ்சில் பொங்கல் பானை உட்கார்ந்தது.

4

தமிழ்ச்செல்வி நல்லகாமனைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"நட்ட கை எடுக்கக் கூடாது மேடம். வேற யாரையாச்சும் விட்டு எடுங்க. நான் வேணா தள்ளி நின்னு பாக்குறேன்."

அருள்பாண்டியிடம் சொன்னாள்.

"நானா? இங்கிட்டு வந்ததுல இருந்து மண்டில ஒரு பெட்டி தக்காளி தேங்கல செல்வி. இப்பப் போயி... இரு, லோடு இறங்குதாம். போயிட்டு வாரேன்."

போனவன் அன்று மண்டியிலேயே சாப்பிட்டுக்கொண்டான்.

முகேஷ் வந்தான். "டிராயிங்ல இல்லாதது எதுக்கு மேடம் இருக்கணும், நானே எடுத்துர்றேன்" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு குனிந்தான். கை செங்கல்லுக்கு ஒரு சாண் மேலே நின்றது.

"மேடம், வீட்டுல மாசமா இருக்காங்க."

"நீங்க இதெல்லாம் நம்புவீங்களா தம்பி?"

"நான் நம்ப மாட்டேன் மேடம். மாமியார் நம்புவாங்க."

அவளே எடுக்க வேண்டியதுதானே என்பீர்கள். அவள் துணை தாசில்தார். நாலு பேர் கும்பிடும் கல்லைத் திடீரென்று எடுத்தால் என்னென்ன நடக்கும் என்பது அவளுக்கு உத்தியோகத்தில் பாடம். கடைசியில் அமைதிப் பேச்சுவார்த்தை என்று ஒன்று போடுவார்கள், அதற்கும் அவளையே மேஜை போடச் சொல்வார்கள்.

ஆக, பொறுப்பு என் தலையில் விழுந்தது. எனக்குச் சாமி கும்பிடும் வழக்கம் இல்லை. அதற்காக வீட்டில் இருபது வருடமாகப் பேச்சு வாங்குகிறேன். கம்ப்யூட்டரைத் திறந்தேன். அந்த வரிக்குப் பின்னால் கர்சரை நிறுத்தினேன். ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். கடைவாய்ப் பல்லில் சுரீர் என்றது.

"பேசாம கதைய வேற மாதிரி முடிங்களேன்" என்றாள் என் மனைவி. "எதுக்கு வம்பு?"

டீ குடிக்கப் போய்விட்டேன். இதைப் பகுத்தறிவாளர் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

5

வருகிறவர்கள் பிறகு மனு வைக்க ஆரம்பித்தார்கள். நாலாக மடித்த தாள்களைச் செங்கல்லுக்கு அடியில் செருகினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச்செல்வி அவற்றை எடுத்துப் போடக் குனிந்தாள். மனுவைக் கண்டால் பிரித்துப் படிக்கும் கை அது. ஒன்றைப் பிரித்தாள்.

'பெறுநர்: உசில மரத்து அய்யா அவர்கள். பொருள்: பட்டா பெயர் மாற்றம் தொடர்பாக' என்று ஒழுங்காக இருந்தது. பஸ் ஸ்டாண்டில் மனு எழுதுகிறவரின் கையெழுத்து. இறந்துபோன கணவன் பேரில் இருக்கும் நாற்பது சென்ட் புஞ்சையைத் தன் பேருக்கு மாற்றித் தரக் கேட்டிருந்தாள் இருளாயி. எல்லாத் தாளும் கொடுத்தாகிவிட்டது, கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. பிப்ரவரி ஆறாம் தேதி போனாள், அம்மா சீட்டில் இல்லை. மார்ச் பதினொன்று போனாள், அம்மா சீட்டில் இல்லை. ஏப்ரல் இரண்டு போனாள், அம்மா சீட்டில் இல்லை. அந்த அம்மாவைச் சீட்டில் உட்காரவைக்க அய்யாதான் மனசு வைக்க வேண்டும்.

தமிழ்ச்செல்வி ஊர் பேரையும் சர்வே எண்ணையும் பார்த்தாள். அவளுடைய ஆபீஸ், அவளுடைய சீட். அந்தத் தேதிகளை அவள் நாட்குறிப்பில் தேட வேண்டியிருக்கவில்லை. பிப்ரவரி ஆறு லிண்டல் கான்கிரீட். மார்ச் பதினொன்று கூரை கான்கிரீட். ஏப்ரல் இரண்டு டைல்ஸ் பார்க்கப் போனது. மூன்று நாளும் பெர்மிஷன் போட்டுவிட்டு, இந்த வீட்டு வேலைக்காகப் போயிருக்கிறாள்.

இதை எழுதும்போது எனக்கே திக்கென்றது. நான் போட்ட தேதிகள் இல்லை இவை. அதாவது நான்தான் போட்டேன், ஆனால் வீட்டு வேலைக்கென்று போட்டேன். இருளாயி அதே நாட்களில் பஸ் ஏறுவாள் என்று எனக்குத் தெரியாது. தமிழ்ச்செல்வி அந்தத் தாளை வைத்துக்கொண்டு முற்றத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அழுகை வந்தது. அன்று எதிரே யாரும் நிற்கவில்லை, இருந்தும் டீ இறங்கவில்லை.

6

திங்கட்கிழமை இருளாயியை ஆள் விட்டு ஆபீசுக்கு அழைத்தாள். பைல் மேஜைமேல் விரித்திருந்தது. உள்ளே வந்த இருளாயி நாற்காலியைப் பார்த்தாள், நாற்காலியில் இருந்தவளைப் பார்த்தாள்.

"தாயி, நீங்களா அந்த அம்மா?"

"நான்தாம்மா. மூணு தடவ அலைய விட்டுட்டேன். என் தப்புதான்."

திட்டுவாள் என்று தமிழ்ச்செல்வி காத்திருந்தாள். இருளாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"அய்யா சரியான வீடாப் பாத்துத்தேன் உக்காந்திருக்காரு!"

பேனா மூடி திறந்தாகிவிட்டது. இனி மூன்று முடிவு என் கைவசம் இருக்கிறது.

கையெழுத்துப் போடலாம். அம்மாவைச் சீட்டில் உட்காரவைத்த அய்யா என்று சாயங்காலத்துக்குள் சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமை இருநூறு பேர், ஆளுக்கொரு பட்டா மனு. அந்த வீட்டில் தமிழ்ச்செல்வி இனி ஆயுசுக்கும் தனியாக டீ குடிக்க முடியாது.

'இன்னொரு நாள் வாங்கம்மா' என்று பைலை மூடலாம். அய்யாவின் பேர் கெட்டுவிடும், கூட்டம் தானாகக் கலையும். தமிழ்ச்செல்விக்கு இது தோன்றாமல் இல்லை. தோன்றியதற்காக அவளே தன்னைத் திட்டிக்கொள்கிறாள்.

மூன்றாவது, நான் அந்த வரியை அழித்துவிடலாம். செங்கல் போகும், மணி போகும், கூட்டம் போகும். மனுவும் போகும். இருளாயியின் பைல் கட்டுக்குள் கிடக்கும், தமிழ்ச்செல்வி ஒன்றும் தெரியாமல் சோபாவில் காலை நீட்டிக்கொண்டிருப்பாள். அவள் கேட்ட வீடு அதுதான். அதைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை, கொடுக்காமல் இருக்கவும் வெட்கமாக இருக்கிறது.

செங்கல் நட்ட வரியை அடைப்புக்குறிக்குள்தான் வைத்திருக்கிறேன், எடுக்கச் சுலபம். பேனாவும் திறந்தே இருக்கிறது. எது வேண்டுமோ நீங்களே பார்த்துச் செய்யுங்கள். கொஞ்சம் சீக்கிரம் செய்தால் நல்லது. இருளாயி இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறாள், மூன்றரை மணி பஸ்ஸை விட்டால் அவள் ஊருக்கு அடுத்தது ஆறு மணிக்குத்தான்.