ரோமாபுரிக்கு ஒரு வாரிசு

சைடு படுதாவுக்குப் பின்னால் சொர்ணம்மாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஸ்டூலில் உட்காருவதும் எழுவதுமாக இருந்தாள். கையில் நாடக வசனம். பம்பாய் தாராவியில் பொங்கலுக்குப் பொங்கல் முருகனையே மேடையேற்றி அலுத்துப்போய், அறுபத்து நாலில் ரோமாபுரிச் சக்கரவர்த்தி அகஸ்டஸைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். அகஸ்டஸ் வேறு யார், அவளுடைய அப்பா பூதத்தான்தான். தோல் பெல்ட் தைக்கும் கார்கானாவுக்கு முதலாளி. பந்தலும் பெட்ரோமாக்ஸும் அவர் செலவு. அப்புறம் வேறு எவன் ராஜாவாக முடியும்? எழுதப் படிக்கத்தான் வராது. மகள் வாசிக்க வாசிக்கச் சொல்லிப் பழகினார். மறந்தால் எடுத்துக் கொடுக்கவும் அவளையே உட்கார்த்தியிருந்தார்.

முதல் பாதியில் மனுஷன் வெளுத்து வாங்கினார். தாத்தா முறைக்காரர் சீசரின் பேரைச் சூட்டிக்கொண்டு கிளம்பிய விடலைப் பயல், எதிர்த்தவனையெல்லாம் சாய்த்து ரோமாபுரியையே கட்டி ஆண்ட கதைக்கு ஒரே விசில். ஆனால் சக்கரவர்த்திக்கு ஆண்பிள்ளை இல்லை. ஒரே மகள் ஜூலியா. அடுத்து ஆள எவனை நினைத்தாரோ அவனுக்கே அவளைக் கட்டி வைத்தார். அவன் செத்தான். அடுத்தவனும் செத்தான். இப்போது மூன்றாமவன் திபேரியஸ்.

சொர்ணத்தின் புருஷன் போன வருஷம் ரயிலில் அடிபட்டுப் போனான். தாலியறுத்தவளுக்கு மறுதாலி கட்டுவது அவர்கள் சனத்தில் வழக்கம்தான். ஆனால் இன்று காலை அப்பா தோல் வெட்டிக்கொண்டே, "எனக்கப்புறம் கார்கானாவ வானமாமலை பாத்துக்கிடுவான். வாற வெள்ளிக்கெழம உன்னய அவனுக்குக் கொடுக்கேன்" என்றார். கொடுக்கேனாம்! அவள் என்ன பெல்ட்டா? கார்கானா மேஸ்திரி வானமாமலை நல்லவன்தான். அவளுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அப்போது பற்றிக்கொண்ட எரிச்சல் இன்னும் தணியவில்லை.

மேடையில் அதே வானமாமலை திபேரியஸாக மண்டியிட்டிருந்தான். பூதத்தான் கையை உயர்த்தி, "ரோமாபுரியே கேள்..." என்றார். அதோடு நின்றார். செந்தமிழ் அவர் நாக்கில் நிற்காது; ஒத்திகையிலும் இங்கேதான் தட்டும். மகளை மாப்பிள்ளைக்குத் தாரை வார்க்கும் வசனத்தைச் சொர்ணம் எடுத்துக் கொடுக்க வேண்டும். அவள் வாயைத் திறக்கவில்லை.

"ராசா, ஆவாஸ் எங்கவே? சத்தமே வரல!" என்று கூட்டம் கத்தியது.

அவர் நகர்ந்து நகர்ந்து படுதாவை ஒட்டி வந்தார். "ஏட்டி, அடுத்தது என்ன? சொல்லு."

"காலையில நீங்களாத்தான சொன்னிய. அதுக்கு முந்தி என்னய ஒரு வார்த்த கேட்டியளாப்பா?"

"சனம் பாக்குதுளா..."

"பாக்கட்டும். இப்பக் கேளுங்க."

விசில் ஏறியது. வானமாமலை எழுந்திருக்கலாமா என்று தெரியாமல் விழித்தான். பூதத்தான் சனத்துக்கு முதுகைக் காட்டி மகள் பக்கம் திரும்பினார். ஜிகினாக் கிரீடம் வியர்வையில் நழுவி ஒரு காதில் தொங்கியது. சொர்ணம் வசனத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். கேட்க வாயெடுத்தவர் போல அவர் உதடு அசைந்தது. சத்தம் இன்னும் வரவில்லை.