அப்பா கையில் கட்டியிருந்த பட்டை

நூலகத்தில் போர்க்காலப் படங்களைக் கண்காட்சியாக வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் வக்கீல் நேராக அக்காவின் ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டான். வக்கீல் என்பது பட்டப்பெயர்தான். அவன் ஓட்டுவது டவுன் பஸ். எதற்கெடுத்தாலும் வாதாடுகிறான் என்று சின்ன வயதில் அப்பா வைத்த பெயர், தலை நரைத்த பிறகும் விடவில்லை.

"அப்பா படத்தைக் குடுத்துடுவோம்க்கா. கீழே 'மோட்டார் சைக்கிள் தூதர்'னு எழுதிடு."

யாரோ ஒருவருடைய பாஸ்போர்ட் படத்தை வெட்டிக்கொண்டிருந்த அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை. "படத்தைக் குடுக்கலாம். அப்படி எழுத முடியாது."

படம் சுவரில்தான் மாட்டியிருந்தது. ராணுவச் சட்டை, ஒல்லியான உடம்பு, பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள், அதில் சாய்ந்தபடி அப்பா. இடது கையில், முழங்கைக்கு மேலே, ஒரு துணிப்பட்டை. போரில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று எப்போது கேட்டாலும் அப்பா சொன்னது ஒன்றுதான்: "தூக்கிக்கிட்டு அலைஞ்சேன்." எதைத் தூக்கிக்கொண்டு என்று சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

"தபாலைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சிருக்கார். வண்டி நிக்குது பாரு, கண்ணு தெரியலையா?"

"வண்டியில யார் வேணா சாய்ஞ்சு நிக்கலாம்டா. பட்டையைப் பாரு. அந்தப் படையில தூதருங்க கட்டினது மேல் பாதி வெள்ளை, கீழ் பாதி நீலம். அடிபட்டவங்களைத் தூக்கினவங்களுக்குத்தான் முழு வெள்ளை. இதுல நீலம் எங்க இருக்கு?"

"கறுப்பு வெள்ளைப் படத்துல நீலம் எப்படித் தெரியும்?"

"கறுப்பாத் தெரியும். முப்பது வருஷமா இந்தத் தொழில் பண்றேன், எனக்கே பாடம் எடுக்கிறியா?"

வக்கீல் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போனான். அதன்பின் ஒரு வாரம் ஸ்டுடியோ பக்கமே தலைகாட்டவில்லை. ஸ்டுடியோவைத் தாண்டும்போது மட்டும் பஸ் ஹாரனை வேண்டுமென்றே நீளமாக அடித்துவிட்டுப் போனான்.

அக்காவின் கணவர் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வருவார். அவள் சாப்பிடும்வரை மேசைமேல் கிடக்கிற படங்களையெல்லாம் புரட்டிப் பார்ப்பார். அப்படி ஒரு நாள் மேசையில் கிடந்தது யாரோ சீர்செய்யக் கொடுத்திருந்த பழைய வீட்டுப் படம்.

"ஏம்மா, அந்தக் காலத்துல வானம் நீலமாவே இருக்காதா? எந்தப் படத்துலயும் வெளிறிப்போய் ஒரு மேகம்கூட இல்லாம இருக்கே."

"அந்தக் காலத்து பிலிம் அப்படிங்க. நீலம் எல்லாம் அதுல வெள்ளையாத்தான்..."

எடுத்த கவளம் பாதியில் நின்றது. அக்கா சுவரைப் பார்த்தாள். பிறகு கையைக் கழுவிவிட்டுத் தம்பிக்கு போன் போட்டாள்.

"டேய், டூட்டி முடிஞ்சதும் வா."

"எதுக்கு? திட்டுறதுக்கா?"

"தோத்துப்போறதுக்கு. நீ இல்ல, நான்."

அவன் வந்தபோது பட்டை தயாராக இருந்தது. வெள்ளைக்குத் தலையணை உறை. நீலத்துக்கு அக்காவின் கணவருடைய சட்டை.

"கிழிஞ்ச சட்டைதானே" என்று சமாதானம் சொன்னாள் அக்கா.

"கிழிச்சதே இப்பத்தான்" என்றார் அவர், பட்டையைக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் விறைப்பாக உட்கார்ந்தபடி.

பழைய கேமராவில், நகல் எடுக்க வைத்திருந்த பழைய ரக பிலிமைப் போட்டு அக்கா படம் எடுத்துக் கழுவினாள். இருட்டறையின் சிவப்பு வெளிச்சத்தில் மூன்று பேரும் அச்சுத்தாள் கிடந்த தட்டைச் சுற்றி நெருக்கியடித்து நின்றார்கள். மருந்துத் தண்ணீருக்குள் முதலில் மீசை வந்தது, அப்புறம் முகம், கடைசியில் கை. கையில் இருந்த பட்டை மேலிருந்து கீழ்வரை வெள்ளை வெளேரென்று இருந்தது.

வெளியே வந்ததும் அப்பாவின் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றிப் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். பட்டையின் நடுவே நூல் மாதிரி ஒரு கோடு, அதற்குக் கீழே கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம், மங்கல். இத்தனை வருஷம் தினமும் துடைத்த படம்.

"நீலம்டா" என்று கண்ணாடியை நீட்டினாள்.

வக்கீல் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். ஜெயித்ததைக்கூட மறந்து, படத்தை இன்னும் கொஞ்சம் வெளிச்சத்தின் பக்கம் திருப்பினான்.

அக்காவுக்கு மனதுக்குள் லேசாக ஏதோ கழன்ற மாதிரி இருந்தது. அடிபட்ட ஒருவனைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிற அப்பாவைத்தான் அவள் அத்தனை காலமும் நினைத்து வைத்திருந்தாள். இனி அவரை ஒரு சாலையில், காற்றில், வண்டியில் நினைத்துப் பார்க்க வேண்டும்.

"தெருவுல மோட்டார் சைக்கிள் போனா அப்பா பேச்சை நிறுத்திடுவாரே, ஞாபகம் இருக்கா?" என்றாள். "சத்தம் ஓய்ஞ்ச பிறகுதான் திரும்பவும் பேசுவார். காது மந்தம்னு நினைச்சேன்."

"நானும்தான்க்கா."

அப்பாவை வண்டியில் நினைத்துப் பார்க்க அவ்வளவு கஷ்டமாக இல்லை. இன்னும் சொல்லப்போனால் நன்றாகவே இருந்தது.

கண்காட்சிக்குப் படத்தைப் பெரிதாக்கி, கீழே வக்கீல் கேட்ட வார்த்தையைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தாள். முதல் நாள் வக்கீல் லீவு போட்டுவிட்டு, சலவைச் சட்டையில் படத்துக்குப் பக்கத்திலேயே நின்றான். யார் வந்தாலும் விடவில்லை.

"பாலம் ரெண்டா உடைஞ்சு கிடக்கு. அப்பா வண்டியை நிறுத்தவே இல்ல. தபால் பையைப் பல்லால கடிச்சுக்கிட்டு..."

அக்காவின் கணவர் அவள் காதருகே குனிந்தார். "இதெல்லாம் நிஜமா நடந்ததா?"

"யாருக்குத் தெரியும்? பேசாம கேளுங்க, நல்லாத்தான் சொல்றான்" என்று சொல்லிவிட்டு, இன்னும் சரியாகக் கேட்பதற்காக அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.