கூழைக்கடா திறந்துவைத்த கட்டுரை

மாமல்லபுரம் கரையில் மீன் எடுத்து, மினி லாரியில் போட்டுச் செங்கல்பட்டு மார்க்கெட்டில் விற்கிறவன் நான். பொய் சொல்ல நேரம் ஏது? நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

என் மருமகள் ஷஃபானா படூர்ப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். வேடந்தாங்கல் ஏரியில் விழும் பறவை எச்சம் வயலுக்கு என்ன செய்கிறது என்று கட்டுரை எழுதினாள். விவரமெல்லாம் சொன்னவர் அவ்வூர் விவசாயி தர்மராஜ். “அச்சானதும் உங்க போன்லயே படிக்கலாம் அண்ணே” என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

அச்சானது. எல்லோரும் படிக்கும்படி திறந்துவைக்க வெளிநாட்டுப் பத்திரிகைக்காரன் இரண்டரை லட்சம் கேட்டான், இல்லாவிட்டால் பூட்டு; படிக்க வருகிறவன் டாலர் கட்ட வேண்டும். அந்தப் பணத்துக்குப் பழைய ஆட்டோ ஒன்று வாங்கி, கட்டுரையை வீடு வீடாகக் கூட்டிப்போய்க் காட்டலாம்.

எத்தனை கட்டுரை திறந்திருக்கிறது, எத்தனை பூட்டியிருக்கிறது என்று கண்காணிப்பதற்கே பல்கலைக்கழகத்தில் கோதண்டராமன் என்று ஓர் அதிகாரி இருந்தார். அவரிடம் போனாள்.

“சார், நான் அனுப்புன கடைசிப் பிரதிய நம்ம யுனிவர்சிட்டி சைட்டுல சும்மாவே போட்டுக்கலாம்னு பத்திரிகைக்காரனே சொல்றான். நீங்க ஒரு பட்டன் அமுக்குனா போதும்.”

“பில்லு இல்லாம தொறந்தா ரிப்போர்ட்ல எங்கம்மா காட்றது? காசு கட்டித் தொறந்ததுக்குத்தான் கட்டம் கீது.”

“அப்ப காசு குடுங்க சார்.”

“காசு தீந்துபோச்சே!”

தர்மராஜிடம் எந்த முகத்தோடு போவது என்று ஷஃபானா கலங்கினாள். நான்தான் ஏரிக்கரைக்கு அழைத்துப்போனேன். அவர் எகிறிவிட்டார்.

“இன்னாம்மா, எங்க வாயால சொன்னத நாங்க படிக்கவே டப்பு குடுக்கணுமா? பறவை பயந்துடும்னு தீபாவளிக்கு ஒரு ஊசி வெடி வெடிச்சிருப்போமா நாங்க? இந்த வருசம் பாரு, சரவெடிதான்!”

கரையில் நின்று கத்தியதுதான் தப்பு. பறவைகளுக்கும் காது உண்டு.

மறுநாள் காலை கூழைக்கடாக்கள் மொத்தமாகக் கிளம்பிப் படூரில் அந்தப் பல்கலைக்கழகத்திலேயே இறங்கின. அன்று என் மினி லாரியும் மீனோடு அதே வழியில், கொஞ்சம் மெதுவாக, தார்ப்பாய் போடாமல் போனது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை.

கோதண்டராமனுடைய புதுக் கார் கறுப்பு. மத்தியானத்துக்குள் வெள்ளை.

“ஏம்மா, இது பெயின்ட்ட துன்னுடுமா?” என்று ஷஃபானாவிடம் ஓடி வந்தார்.

“எச்சத்துல என்னென்ன இருக்குன்னு என் கட்டுரையில எழுதியிருக்கேன் சார். படிச்சுப் பாருங்க.”

திறந்தார். திரை டாலர் கேட்டது.

“அடப்பாவி, நம்ம கட்டுரைக்கு நானே காசு கட்டணுமா?”

“அதத்தானே சார் நானும் சொல்லிக்கினு இருக்கேன்!”

கோதண்டராமன் காரைப் பார்த்தார். அதன் மேல் உட்கார்ந்திருந்த கூழைக்கடாவும் அவரைப் பார்த்தது. பட்டனை அமுக்கினார். ரிப்போர்ட்டில் ‘செலவில்லாமல் திறந்தவை’ என்று புதுக் கட்டம் ஒன்றும் போட்டார்.

அன்று சாயங்காலம் தர்மராஜின் மனைவி விஜயகுமாரி போனைப் பார்த்து, “யோவ், நன்றின்னு போட்டு உம் பேரு கீதுய்யா!” என்று கூவினாள். தர்மராஜ் கரையேறி, “வெடி கிடையாது, வந்து சேருங்க!” என்று அறிவித்தார். இருட்டுவதற்குள் கூழைக்கடாக்கள் எல்லாம் ஏரி மரத்தில் இருந்தன.

பெயின்ட் கொஞ்சம் போனது நிஜம். கோதண்டராமன் காரில் சுரண்டிய எச்சத்தைக் கட்டுரையில் சொன்ன அளவுப்படி தண்ணீரில் கரைத்து, மாடித் தொட்டியில் ஊற்றினார். அதில் காய்த்த தக்காளியை நான்தான் மார்க்கெட்டுக்கு ஏற்றிப்போனேன். லாரியில் ஒரே ஒரு தக்காளிக்குத்தான் இடம் இருந்தது.