காலில் கட்டாத துணி

மூன்றாவது மாட்டைக் கறந்துகொண்டிருந்தபோதுதான் மகளுக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளக் கை ஒழியவில்லை. நேற்று மாலை கறவை முடிந்தபின் இதே தொழுவத்தில் விழுந்த அப்பா, இப்போது உள்ளே கட்டிலில் கிடக்கிறார். செத்தவருக்காக மாடு காத்திருக்குமா? மடி கனத்து, விடிந்ததிலிருந்து கத்திக்கொண்டிருந்தன.

கேனைச் சைக்கிளில் ஏற்ற டீக்கடைக்காரர் வந்தார். அப்பாவோடு ஒரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர். மருந்து போட்ட தன் மாட்டின் பாலைப் போன வருடம் இவர்தான் தெரியாமல் ஊர்ப் பால் சேரும் பொதுத் தொட்டியில் ஊற்றிவிட்டார். டவுனில் சோதித்துப் பார்த்து, முப்பது வீட்டுப் பாலையும் சாக்கடையில் கொட்டினார்கள். இன்னொரு தடவை நடந்தால் இந்த ஊருக்குப் பால் லாரியே வராது என்றும் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு இரண்டு மாடு, மூன்று மாடுதான். ஆனால் தீவனக் கடை முதல் தையல் கடை வரை எல்லார் அடுப்பும் அந்தத் தொட்டியை நம்பித்தான் எரிகிறது. அதன்பிறகு அப்பா தொழுவம் தொழுவமாக நுழைந்து, மருந்து போட்ட மாட்டின் காலில், அதன் பாலைச் சேர்க்கக் கூடாது என்பதற்கு அடையாளமாகச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். ஊரே அவரை ‘இன்ஸ்பெக்டர்’ என்றது.

“இன்ஸ்பெக்டர் இருந்தா என்னைக் கேனைத் தொட விட்டிருப்பாரா?” டீக்கடைக்காரர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. “எதுக்காவது துணி கட்டியிருக்காம்மா?”

“ஒண்ணுக்கும் இல்ல மாமா. நல்லாப் பாத்துட்டேன்.”

அவள் உள்ளே போனபோது அம்மா அப்பாவின் உடம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வலது கை மட்டும் இறுக மூடியிருந்தது.

“நேத்துலேருந்து இப்படியே இருக்கு,” என்று வெந்நீர்த் துணியால் ஒற்றி ஒற்றி விரல்களைப் பிரித்தாள்.

உள்ளங்கையில் கசங்கிய சிவப்புத் துணி இருந்தது.

மகள் குனிந்து பார்த்தாள். “எந்த மாட்டுக்கும்மா?”

“என்கிட்ட சொல்லலையே.” அம்மா துணியையே பார்த்தாள். “மருந்து போட்டுட்டு, கட்டத்தான் குனிஞ்சிருப்பாரு.”

தெருமுனையில் லாரி ஹாரன் அடித்தது. மகள் வாசலுக்கு ஓடினாள். வாசல் முழுக்க ஊர் உட்கார்ந்திருந்தது. கழுவிய கேனோடு டீக்கடைக்காரர் அவர்களைத் தாண்டி வந்தார்.

“சேத்தாச்சும்மா. லாரியும் கிளம்பிடுச்சு. உங்கப்பா வீட்டுப் பால்னு மரியாதைக்கு முதல்ல ஊத்தச் சொன்னாங்க.”

“மாமா...”

“அழாதம்மா. மாட்டைப் பத்திக் கவலைப்படாத, நாங்க இருக்கோம்.”

கேனை வைத்துவிட்டு உள்ளே போய் அப்பாவின் காலடியில் உட்கார்ந்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு இந்த வீட்டுக்குள் வருகிறார். அம்மா தலை நிமிரவில்லை. அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக மறுபடி மடக்கிவிட்டிருந்தாள்.

விரலிடுக்கில் சிவப்பு நுனி தெரிந்தது. மகள் போர்வையை இழுத்து அந்தக் கையை மூடினாள்.