கூம்பின் தொண்டை

அண்ணனுக்குத் தகரம், தங்கைக்கு மரம். இருவருக்கும் ஒரே பட்டறை, நடுவில் ஒரு சாக்குத் திரை. அண்ணன் தகட்டைச் சுழற்றி ஒலிபெருக்கிக்குக் கூம்பு செய்வார். தங்கை கதவும் நிலையும் செய்வாள். திரைக்கு இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் நாள் முழுக்க வாய்ச்சண்டை நடக்கும்.

பேருந்து நிலையத்தின் நடுக் கம்பத்தில் தொங்கிய கூம்பு அண்ணனின் கைவேலை. அதன் வழியாகப் பேசிய அறிவிப்பாளர் அவர் மனைவி. பெண்டாட்டி பேசுகிறாள், புருஷன் கெடுக்கிறான் என்று டிக்கெட் வரிசையில் நின்றவர்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள். ஓராண்டாக ஒரு வார்த்தை விளங்கவில்லை. கூம்பு கத்தியது, அவ்வளவுதான். மூன்றாம் நடைமேடையா நான்காவதா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டே வண்டியை விட்டவர்கள் எத்தனையோ பேர்.

நிலைய மேலாளர் கெடு வைத்துவிட்டார். இன்று பன்னிரண்டு மணி வண்டிக்கு அவரே கடைக்கோடி நடைமேடையில் நின்று கேட்பார். விளங்கவில்லையென்றால் திங்கட்கிழமை முதல் பதிவுக் குரல் இயந்திரம். அது தனக்கான ஒலிபெருக்கிகளோடு வரும். பதினோரு வருடம் பேசிய அண்ணிக்குப் பார்சல் அறை.

தங்கைக்கு அண்ணியைவிட நெருங்கிய தோழி உலகத்தில் கிடையாது. தகரம் கத்தத்தான் செய்யும், மரம்தான் சத்தத்தை அடக்கிப் பேசும் என்று மூன்று வாரம் கண் வலிக்க உழைத்து ஒரு மரக் கூம்பைச் செய்திருந்தாள். அளவில் தவறக் கூடாதே என்று, கூம்பின் குறுகிய பின்முனையான தொண்டையைத் துளைக்க அண்ணனின் இரும்பு அளவுக் கட்டையையே இரவல் வாங்கினாள். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம் என்று சொல்லிக்கொண்டேதான் அவர் அதைக் கொடுத்தார்.

காலையிலேயே தகரத்தை இறக்கிவிட்டு, இரண்டு பேர் பிடித்து, முக்கால் மணி நேரம் போராடி மரக் கூம்பைக் கம்பத்தில் ஏற்றினார்கள். பதினொரு மணிக்கு அண்ணி பேசிப் பார்த்தாள். காதைக் கிழிக்கும் கிணுகிணுப்பு போயிருந்தது. ஆனால் வார்த்தைகள் அதே கொழகொழப்புதான். அண்ணன் கேலி செய்யவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். அதுதான் தங்கைக்குப் பொறுக்கவில்லை.

தகரத்திலும் அதே குறை, மரத்திலும் அதே குறை. அப்படியானால் இது தகரமும் இல்லை, மரமும் இல்லை.  தங்கை கூம்பை இறக்கச் சொல்லி, தகரத்திலிருந்து அண்ணன் மாற்றிப் பின்னால் மாட்டியிருந்த யூனிட்டைக் கழற்றினாள். சத்தம் பிறக்கிற அந்த இரும்பு உருண்டை எப்போதும் அண்ணன் இலாகா. அவள் தொட்டதே இல்லை. இப்போது கூம்பின் தொண்டை வட்டத்தை விரலால் அளந்தாள், யூனிட்டின் வாயை அளந்தாள். பிறகு இரண்டையும் கையால் சேர்த்துப் பிடித்து, மரத்தில் இணைப்புப் பார்க்கிற பழக்கத்தில் சுண்டுவிரலை உள்ளே விட்டு ஓட்டினாள். விரல் ஒரு படியில் தட்டி நின்றது.

"அண்ணா, விரலை விட்டுப் பாரு. யூனிட் வாய் சின்னது, நம்ம தொண்டை பெருசு."

அண்ணன் பார்த்தார்.  போன வருடம் பழைய யூனிட் எரிந்துபோய்ப் புதிது வாங்கிய கதை அப்போதுதான் வெளியே வந்தது. நான்கு திருகுத் துளையும் சரியாகப் பொருந்தின, மாட்டிவிட்டு வந்துவிட்டார். வாயின் அகலத்தை யார் பார்த்தார்கள்? பழைய யூனிட்டுக்குச் செய்த அதே அளவுக் கட்டையைத்தான் தங்கைக்கும் கொடுத்திருக்கிறார். குறுகிய வாயிலிருந்து கிளம்பிய குரல், விரிய வழி கிடைப்பதற்குள் அந்தப் படியில் மோதித் திரும்பி, பின்னால் வரும் வார்த்தைமேலேயே விழுந்திருக்கிறது. அண்ணனும் தங்கையும் ஓராண்டு தகரமா மரமா என்று கட்டிப் புரண்டதுதான் மிச்சம்.

மணி பதினொன்று இருபத்தைந்து. ஒழுகுகிற தண்ணீர்க் குழாயை அடைக்கும் பசைமாவு அவள் பையில் இருந்தது. படியை நிரப்பிச் சரிவாக வழித்துவிட்டால் கால் மணியில் இறுகிவிடும். ஆனால் எந்தக் கூம்பில்? மரக் கூம்பை மறுபடி ஏற்ற முக்கால் மணி வேண்டும். தகரக் கூம்பை ஒரே ஆள் தோளில் போட்டுக்கொண்டு ஏணி ஏறிவிடலாம். மூன்று வார உழைப்பு தரையில் பளபளவென்று கிடந்தது.  அதை ஒரு தரம் தடவிவிட்டுத் தகரத்தை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

பசைமாவை யூனிட்டின் வாயிலிருந்து தொண்டைவரை சீரான சரிவாகத் தேய்த்தாள். இறுகுகிற நேரத்தில் சும்மா இருக்க முடியாமல் ஒரு பழைய சைக்கிள் டியூபை வெட்டித் தகரத்தின் வெளிப்புறம் இறுக்கமாகச் சுற்றினாள். தட்டினால் கிண்ணென்ற தகரம் இப்போது தொப்பென்றது.

"என் தகரத்துக்குக் கட்டுப் போடுறியா?"

"சளி புடிச்ச தொண்டைக்குப் போடத்தான் போடணும். நீ ஏணியில ஏறு."

ஐந்து நிமிடம் இருக்கும்போது அண்ணன் கடைசித் திருகை முடுக்கினார். தங்கை மூச்சிரைக்கக் கடைக்கோடி நடைமேடைக்கு ஓடி மேலாளர் பக்கத்தில் நின்றாள். 

"பன்னிரண்டு மணி வண்டி இன்று நான்காவது நடைமேடையிலிருந்து புறப்படும். மூன்றில் காத்திருப்பவர்கள் நான்குக்கு வரவும்."

மூன்றாம் நடைமேடையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் மூட்டை முடிச்சோடு எழுந்தார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. நேராக நான்குக்கு நடந்தார்கள். தங்கைக்குக் கத்த வேண்டும் போல, யாரையாவது கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

"மரம்தான் சாதிச்சிருக்கு, இல்லம்மா?" என்றார் மேலாளர்.

"இல்ல சார். தகரம்தான்."

கண்ணாடி அறைக்குள் இருக்கிற அண்ணிக்குத் தன் குரல் வெளியே எப்படி ஒலிக்கிறது என்று எப்போதும் தெரியாது. ஓராண்டாக மும்முறை சொல்லிவிட்டு, ஆட்கள் திக்குத் தெரியாமல் அலைவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இன்று ஒரே தடவையில் நாற்பது பேர் எழுந்து நடப்பதைப் பார்த்தாள். பழக்கதோஷத்தில் இரண்டாம் முறை சொல்ல ஆரம்பித்தவளின் குரல் பாதியில் உடைந்தது. கூம்பு அந்தத் தழுதழுப்பைத் துளியும் சிந்தாமல் கடைசி நடைமேடைவரை கொண்டுவந்து சேர்த்தது. ஏணியில் பாதி இறங்கியிருந்த அண்ணன் அப்படியே நின்றுவிட்டார்.