மார்த்தேயின் அளவு

ஜிப் பாதி முதுகில் நின்றுவிட்டது.

"மூச்சை இழுத்துப் பிடி," என்றாள் அன்னலேன். உடையை வடிவமைத்தவள் அவள்தான். "இன்னும் கொஞ்சம். வயித்தை உள்ள வாங்கு."

ஃபெம்கேக்குப் பத்தொன்பது வயசு. உள்ளே வாங்க அவளிடம் வயிறு என்று ஒன்று இருந்தால்தானே! ஜிப் அசையவில்லை. பின்னால் நின்று இழுத்துக்கொண்டிருந்த தையல்காரி ஹில்டேயின் விரல்தான் நசுங்கியது.

ஆன்ட்வெர்ப் நகரில் ஆற்றோரத்துப் பழைய கிடங்கு ஒன்றில் காலை ஏழு மணியிலிருந்து இந்தக் கூத்து. கூட்டு முயற்சியாம். யாருக்கும் கூலி கிடையாது. புகைப்படமெடுக்கும் யோரிஸ், ஒப்பனைக்காரி, அன்னலேன், ஹில்டே, உடையைப் போட்டு நிற்கும் ஃபெம்கே எல்லோரும் உழைப்பைப் போட்டு, ஆளுக்கு நாலு படத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். எல்லோரும் சமம் என்றுதான் பேச்சு. பட்டினி மட்டும் ஒருத்திக்கு.

"கொஞ்சம் பிரிச்சு விடுங்களேன் ஹில்டே," என்றான் யோரிஸ், ஜன்னலைப் பார்த்தபடி. "வெளிச்சம் போயிடும்."

"பிரிக்க உள்ள துணி இல்ல." ஹில்டே ஜிப்பிலிருந்து கையை எடுத்தாள்.

துணி இல்லாமல் போனது அவள் கையால்தான். இந்த உடை மார்த்தே என்ற பெண்ணின் உடம்பில் வைத்துத் தைத்தது. போன குளிர்காலத்தில் மூன்று தடவை இடுப்பைப் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. மார்த்தே இளைத்துக்கொண்டே போனாள். ஹில்டே பிடித்துக்கொண்டே போனாள். மூன்றாம் தடவை, மெல்லிய பட்டில் தையலின் தடிப்புத் தெரிகிறது என்று அன்னலேன் முகம் சுளிக்க, ஹில்டே உள்ளே மடிந்திருந்த துணியைக் கத்தரித்தே எறிந்துவிட்டாள். முப்பது வருஷம் தைத்தவள் செய்கிற காரியமா அது? இந்தப் பெண் இனி தேறவே மாட்டாள் என்று கத்தரிக்குத் தெரிந்திருந்ததோ என்னமோ! ஏப்ரலில் மார்த்தேயை அடக்கம் செய்தார்கள். சாப்பிடாமலே கிடந்து இதயம் நின்றுபோயிற்று.

அதற்கப்புறம் எப்போது தொட்டாலும் உடைக்குள் யாரோ இருப்பதுபோலவே ஹில்டேக்குத் தோன்றும். வெறும் உடையைத் தோளில் போடும்போதுகூட உள்ளே இருப்பவளுக்கு வலிக்குமோ என்று கை தயங்கும்.

"வியாழக்கிழமைக்குத் தள்ளிப்போடலாம்," என்றாள் அன்னலேன், ரொம்ப அன்பாக. "அதுவரைக்கும் வெறும் காப்பி குடிச்சுக்கோ, செல்லம். மூணு நாள்தானே? உடுப்பு தானா ஏறிடும்."

ஃபெம்கே தலையாட்டினாள்.

"காலையில ஏதாச்சும் சாப்பிட்டியா பொண்ணே?" ஹில்டே அவள் காதருகில் கேட்டாள்.

"வரும்போதே சாப்பிட்டுட்டேன் ஹில்டே. வயிறு நிறைஞ்சிருக்கு."

அச்சு அசலாக மார்த்தே சொன்ன பேச்சு. அதே சிரிப்பு. விரலுக்கடியில் அதே சில்லிட்ட முதுகு. மூன்று தடவையும் இந்தப் பதிலைக் கேட்டுத் திருப்திப்பட்டு ஊசியைக் கோத்தவள் ஹில்டேதான். பாவி!

மேசையிலிருந்த கத்தரியை எடுத்தாள். ஜிப்பை ஒட்டி, மேலிருந்து இடுப்புக்குக் கீழ்வரை ஒரே வெட்டு. பட்டு இரண்டு பக்கமும் விலகியது. ஃபெம்கே அப்போதுதான் முழுசாக மூச்சு விட்டாள்.

"ஐயோ! உங்களுக்கென்ன பைத்தியமா?" அன்னலேன் அலறினாள். "இருக்கிறதே இந்த ஒண்ணுதான்!"

"முன்னாலேருந்து பார்த்தா தெரியல," என்றான் யோரிஸ். "விடு அன்னலேன். அப்படியே நிக்கட்டும், எடுத்துடறேன்."

அன்னலேன் சுற்றிவந்து பார்த்தாள். தெரியவில்லைதான். கோபம் தணிந்தது.

"சரி, தொலையட்டும். ஆனா ஹில்டே, நீங்க புதுசா ஒண்ணு தைச்சுக் குடுத்துடணும். இதே அளவுல."

"அந்த அளவு செத்துப்போச்சு, அன்னலேன்."

ஒப்பனைக்காரி கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்தாள்.

"நாம ரெண்டு பேரும்தானே போய்ப் புதைச்சிட்டு வந்தோம்? நீ வெள்ளைப் பூ வச்சே. நான் அவ இடுப்பைப் பிடிச்ச கையாலயே மண்ணள்ளிப் போட்டேன். அந்த அளவுக்கு இன்னொருத்திய நான் தேட மாட்டேன்."

"அது அவ வியாதி, ஹில்டே. அதுக்கு நாம என்ன பண்றது?"

"நாம அதுக்கு உடுப்புத் தைச்சோம்."

அப்புறம் ஃபெம்கே, யாரையும் பார்க்காமல், "எனக்குப் பசிக்குது" என்றாள். "பொய் சொல்லிட்டேன். நேத்து மத்தியானத்துலேருந்து ஒண்ணும் சாப்பிடல."

ஹில்டே தன் மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து, வெண்ணெயும் சீஸும் வைத்த ரொட்டியை அவள் கையில் கொடுத்தாள்.

"முதல்ல உடுப்பைக் கழட்டு! கறை பட்டுடும்!" என்று அன்னலேன் பாய்ந்து வந்தாள். ஃபெம்கே உடையோடேயே ரொட்டியைக் கடித்தாள். வெகுநேரம் மென்றாள். விழுங்கத்தான் சிரமப்பட்டாள். இரண்டாவது வாய் கடிப்பதற்குள், மற்றக் கை தன்னிச்சையாக இடுப்புக்குப் போய், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதையைக் கிள்ளி அளந்து பார்த்தது. மார்த்தேயும் கண்ணாடி முன் இப்படித்தான் கிள்ளிப் பார்ப்பாள்.

ஹில்டே அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். ரொட்டி தீரும்வரை விடவில்லை.